பாலைவனத்து ஆறு

மும்பை பாந்த்ரா முனையத்தில் ஜோத்பூர் வண்டியில் ஏறினால், மறுநாட் காலையில் மார்வாட நாட்டில் கண் விழிக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி மாதத்தில், அலுவலின் பொருட்டு நாம் அவ்வாறு சென்றோம். அன்று வண்டி தாமதமாக ஓடிற்று. பாலி நகரைக் கடந்து லூணி சந்திப்பை நெருங்கும்போது பொழுது நன்றாகப் புலர்ந்துவிட்டது. திடீரென்று சக்கரங்களின் ஓசை மாறியது. பாலம் ஒன்றின்மீது வண்டி செல்வதை உணர்ந்தோம். கீழே நோக்கினால் நீர் ஒரு சொட்டும் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரையில் மணல், ஆங்காங்கே முட்புதர், அம்மணலின் நடுவே ஆடுகளை ஓட்டிச் செல்லும் சிறுவன் ஒருவன். எதிர் இருக்கையில் இருந்த முதியவர் மும்பையில் துணிக்கடை வைத்திருப்பவர். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, சன்னல் வழியே அம்மணலில் எறிந்து கைகூப்பினார். "நீரே இல்லாத ஆற்றுக்குக் காணிக்கையா?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "அவள் ஊருக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள்" என்றார்.

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணைவிட்டு வந்து, ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வரும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த மறுமொழி எளிதில் விளங்கும். ஊருக்குப் போனவரின் வீட்டைப் பூட்டித்தான் வைப்பார்களேயன்றி, பிறருக்கு உரிமையாக்கிவிட மாட்டார்கள். அப்படியானால், வறண்டு கிடக்கும் ஓர் ஆற்றை எவ்வாறு கருதுவது? அஃது இறந்துபோன ஆறா, வெளியூர் சென்றிருக்கும் ஆறா? இந்த வினாவை மனத்திற்கொண்டு, தார்ப் பாலைவனத்தின் ஓரத்தில் கிடக்கும் லூணியாற்றின் பள்ளத்தாக்கை இன்று சற்றே சுற்றிப் பார்ப்போம்.

லூணி, ஆரவல்லி மலைத்தொடரின் மேற்குச் சரிவில், அஜ்மீருக்கு அருகிலுள்ள நாகமலைக் குன்றுகளில் பிறக்கிறது. பிறந்த இடத்தில் அதன் பெயர் சாகர்மதி. புஷ்கரத்திலிருந்து வரும் சரசுவதி என்னும் ஓடை கோவிந்தகட் என்ற ஊரில் வந்து கலந்தபின் லூணி என்ற பெயரைப் பெறுகிறது. அங்கிருந்து தென்மேற்கு நோக்கி நாகோர், பாலி, ஜோத்பூர், பாலோத்ரா, ஜாலோர் வட்டாரங்களின் வழியாக ஏறத்தாழ 500 கிலோமீட்டர் ஓடுகிறது. லீல்ரி, பாண்டி, சுக்ரி, ஜவாய் முதலிய துணையாறுகள் ஆரவல்லியிலிருந்து இறங்கி இடக்கரையில் வந்து சேர்கின்றன. வலக்கரையில் சொல்லத்தக்கதாய் வருவது ஜோஜரி ஒன்றே. வலக்கரைக்கு அப்பால் மலை இல்லை, மணற்குன்றுகளே உள்ளன.

இந்த ஆற்றின் முடிவு விந்தையானது. நம் காவிரியும் தாமிரபரணியும் கடலிற் கலக்கின்றன. லூணிக்குக் கடலைக் காணும் பேறு இல்லை. குஜராத்திற்குள் நுழைந்து, கட்ச் நாட்டின் பெரிய ரண் என்னும் உப்புச் சதுப்பிலே விரிந்து பரந்து மறைந்துவிடுகிறது.

மறைவதற்கு முன்னரே அது பெரும்பாலும் மெலிந்துவிடுகிறது. நம் நாட்டு ஆறுகள் கீழே செல்லச் செல்ல நீர் பெருகுவன. பாலைவனத்து ஆறோ கீழே செல்லச் செல்ல நீர் குறைவது. மலையில் பெய்த மழை ஆற்றில் இறங்கியதும், அகன்ற மணற்படுகை அதனைக் குடிக்கத் தொடங்குகிறது. சிறு வெள்ளமாயின் பாதி வழியிலேயே முற்றும் மணலுக்குள் இறங்கிவிடும். பெருவெள்ளமே பாலோத்ராவைத் தாண்டும். ஆண்டில் மழைக்காலத்துச் சில நாட்களோ, சில வாரங்களோதான் ஆற்றில் நீரோட்டம் உண்டு; மழை பொய்த்த ஆண்டில் அதுவும் இல்லை.

இத்தனை பெரிய மலைத்தொடர் அருகில் இருந்தும் இந்நிலம் ஏன் வறண்டது? அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. ஆதலின் மும்பையில் மழை கொட்டுகிறது. ஆரவல்லியோ தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, அதாவது காற்று வீசும் திசையிலேயே நீண்டு கிடக்கிறது. காற்று அதன் ஓரமாகவே சென்றுவிடுகிறது. மும்பையில் ஜூலை மாதம் ஒன்றில் சராசரியாகப் பெய்யும் மழை, பார்மேர் பகுதியில் ஏறத்தாழ மூன்றாண்டுகளில் பெய்யும் மழைக்கு ஈடாகும்.

லூணி என்ற பெயருக்கு உப்பாறு என்பதே பொருள். வடமொழியில் இலவணம் என்பதுவே அந்நாட்டு மொழியில் லூண் என்று மருவிற்று. ஆயினும் ஆறு முழுவதும் உப்பன்று. பாலோத்ரா வரையில் நீர் இனியது, அதன்பின்னரே கரிக்கத் தொடங்குகிறது என்பர். பாலோத்ராவுக்கு அருகில் பச்பத்ரா என்னும் உப்புப் பள்ளம் ஒன்று இருக்கிறது. முற்காலத்தில் அங்கு ஓடிய சிற்றாறுகளின் வாயைக் காற்றுக் கொணர்ந்த மணல் அடைத்துவிட்டதனால், வெளியேற வழியின்றி நின்ற நீர் வெயிலில் வற்றி வற்றி உப்பு ஏறியது என்பது ஆய்வாளர் கருத்து. அங்கே உப்பெடுக்கும் கார்வால் மக்கள், குழி தோண்டி ஊறும் உவர்நீரில் மோரளி என்னும் முட்செடியின் கிளைகளை இடுவர். அம்முட்களைப் பற்றிக்கொண்டு உப்பு பளிங்குபோல் விளையும். தூத்துக்குடி உப்பளத்துப் பாத்திகளை அறிந்த நமக்கு அம்முறை புதிது.

இந்நிலம் என்றுமே இப்படி இருந்ததில்லை. சிந்தரி என்னும் ஊருக்கு அருகில் லூணியின் கரை செங்குத்தாக அரிக்கப்பட்டு நிற்கிறது. அக்கரையில் மணல் அடுக்குகளுக்குக் கீழே உருண்டு திரண்ட கூழாங்கற்கள் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. கல்லை உருட்டிக் கூழாங்கல்லாக்க வலிய நீரோட்டம் வேண்டும். பல்லாயிரம் ஆண்டுகளுக்குமுன் இப்பள்ளத்தாக்கில் வேகமாக ஓடிய ஆறு எழுதிவைத்த சாட்சி அது. பாலை என்பது நிலையான நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டு அடையும் நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் கருதுகிறது. அக்கருத்து எத்துணை நுட்பமானது என்பதை லூணிக் கரையில் நின்று பார்த்தால் உணரலாம்.

நாம் சென்ற சமயத்தில் விடுமுறை நாள் ஒன்று வாய்த்தது. பாலோத்ராவுக்கு மேற்கேயுள்ள தில்வாடா என்னும் ஊரில் மல்லிநாதர் சந்தை நடந்துகொண்டிருந்தது. ராவல் மல்லிநாதர் பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த தலைவர். இன்று மக்களால் தெய்வமாகப் போற்றப்படுபவர். பங்குனியில் கூடும் அக்கால்நடைச் சந்தை, ஆற்றின் கரையில் அன்று, ஆற்றின் நடுவிலேயே கூடுகிறது. காங்ரேஜ் எருதுகளும், மார்வாடக் குதிரைகளும், ஒட்டகங்களும் மணலில் வரிசையாக நிற்கின்றன. மணிகளும் சேணமும் விற்கும் கடைகள் தெருத்தெருவாகப் போடப்பட்டிருக்கின்றன. ஒரு நகரமே ஆற்றுக்குள் குடியேறியதுபோல் தோன்றும். ஆயினும் ஒன்றைக் கவனித்தோம். அந்நகரில் சுவர் என்பதே இல்லை. எல்லாம் துணிக் கூடாரம், எல்லாம் மரமுளை. சந்தை முடிந்ததும் சுருட்டி எடுத்துச் சென்றுவிடுவர். ஆற்றின் இடத்தை அவர்கள் கடனாகவே வாங்குகின்றனர். தவணை நாள் ஆனியோடு முடிகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

சந்தைக்கு வந்தவர்கள் மணலில் குழி தோண்டி நீர் எடுப்பதும் உண்டு. உப்பாற்றில் எடுக்கும் அந்நீர் இனிப்பது மல்லிநாதரின் அருள் என்று அவர்கள் நம்புகின்றனர். இயற்கை நூலும் அதற்கு ஒரு விளக்கம் தரும். மழைநீர் உவர்நீரினும் இலேசானது. ஆகையால் மணலில் இறங்கிய வெள்ளநீர் கீழுள்ள உவர்நீரோடு உடனே கலந்துவிடாமல் அதன்மேல் மிதந்து நிற்கும். ஆழமின்றித் தோண்டினால் நன்னீர். பேராசையோடு ஆழத் தோண்டினால் உப்பு. நம் கடற்கரைச் சிற்றூர்களில் மணலூற்றுத் தோண்டும் பெண்களும் இவ்வுண்மையை அறிவர். வற்றிய ஆறும் ஊற்றாய்ச் சுரந்து உதவும் என்ற கருத்தை ஔவையாரின் நல்வழியில் நாம் சிறுவயதிலேயே படித்திருக்கிறோம் அன்றோ? ஆக, வறண்ட ஆறு என்பது நீரற்ற ஆறு அன்று. நீரை மறைத்து வைத்திருக்கும் ஆறு. மண்மேல் வைத்தால் வெயில் கவர்ந்துவிடும் செல்வத்தை அது மண்ணுக்குள் புதைத்து வைக்கிறது.

அந்த மறைநீரை நம்பியே மரங்களும் வாழ்கின்றன. ஆங்கே கேஜ்ரி எனப்படும் மரத்தைக் கண்டபோது, நமக்கு உறவினரைக் கண்டதுபோல் இருந்தது. அது நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியே. 1730 ஆம் ஆண்டில் ஜோத்பூருக்கு அருகில் கேஜர்லி என்னும் சிற்றூரில், அரண்மனைக் கட்டுமானத்துக்காக இம்மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி என்ற பெண்மணி முதலாக 363 பிஷ்ணோய் மக்கள் மரங்களைத் தழுவிக்கொண்டு உயிர் நீத்தனர். மற்றோர் உறவினரையும் கண்டோம். அவர் வேண்டாத உறவினர். இராமநாதபுரத்தையும் விருதுநகரையும் சூழ்ந்துகொண்ட சீமைக்கருவேலந்தான். அங்கே அதற்கு விலாயதி பபூல், அதாவது சீமைக் கருவேலம் என்றே பெயர். வறட்சியைத் தாங்குமென்று வரவழைக்கப்பட்ட விருந்தாளி, இன்று ஆற்றுப் படுகைகளையே அடைத்துக்கொண்டு நிற்கிறது.

சரி, ஊருக்குப் போனவள் திரும்பி வரும்போது என்ன நிகழ்கிறது? ஆரவல்லியில் நல்ல மழை பெய்த செய்தி வந்ததும், பாலோத்ரா மக்கள் ஆற்றங்கரையில் கூடுகின்றனர். மணலின்மேல் நுரையும் சருகுமாக ஊர்ந்துவரும் முதல் நீரைப் பூவிட்டு வணங்கி, சுனரி என்னும் முக்காட்டுத் துணியைச் சாத்துகின்றனர். பெரும்பாலும் அது நம் ஆடிப்பெருக்கை ஒட்டிய காலம். ஜாலோரின் கீழ்ப்பகுதியில் வெள்ளம் வயல்களில் பரவுவதை ரேல் என்பர். ரேல் வந்து வடிந்த நிலத்தில், ஈரமும் வண்டலும் கொண்டு, மேலும் நீர் பாய்ச்சாமலே கோதுமை விளைவிப்பர். சாலைகள் ஆற்றைக் கடக்கும் இடங்களில் பலவற்றில் பாலமே இல்லை. ரபட் எனப்படும் தரைப்பாலந்தான். வெள்ளம் வந்தால் அதன்மேல் ஓடட்டும், நாம் காத்திருப்போம் என்பது அதன் பொருள்.

ஆனால் எல்லா வரவும் இவ்வாறு மங்கலமாக அமைவதில்லை. 1979 ஜூலையில் லூணிப் பள்ளத்தாக்கு கண்ட வெள்ளம் ஊர்களையும் தண்டவாளங்களையும் அடித்துச் சென்றது. 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில், ஓராண்டில் பெய்ய வேண்டிய மழையைவிட மிகுதியாகச் சில நாட்களிலேயே பெய்தது. நீண்ட காலமாக நீரே ஓடாத தாழ்நிலத்தின் வழியாக வெள்ளம் இரவில் வந்து, கவாஸ் என்னும் ஊரை மூழ்கடித்தது. அம்மாவட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மணல் நீரை உடனே குடித்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். அவ்வூரின் அடிநிலத்தில் நீர் இறங்காத ஜிப்சம் அடுக்கு இருந்தமையால், வெள்ளம் நெடுநாள் வடியாமல் ஏரியாகத் தேங்கி நின்றது. அவ்வழி ஓடையின் வழி என்பதை ஒரு தலைமுறை மறந்திருந்தது; நீர் மறக்கவில்லை.

இம்மறதிக்கு உலகெங்கும் சான்று உண்டு. வறண்ட ஆற்றுப்பள்ளத்தை அரபு நாட்டில் வாதி என்பர். லிபியாவில் டெர்னா என்னும் கடற்கரை நகரம் அத்தகைய வாதி ஒன்றின் இருகரையிலும் நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. 2023 செப்டம்பரில் புயல்மழை பெய்து, மேலே இருந்த இரண்டு அணைகள் ஒரே இரவில் உடைந்தன. ஆயிரக்கணக்கான மக்கள் வீடுகளோடு கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டனர். அதற்கு அடுத்த ஆண்டு அக்டோபரில் ஸ்பெயின் நாட்டு வாலென்சியாவில், பெரும்பகுதி நாட்களில் வறண்டே கிடக்கும் ஓடைகள் பெருகி, இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

பாலைவனத்துக் கதைதானே என்று நாம் இதனை ஒதுக்கிவிட இயலாது. தாராவியில் வாழும் நேயர்கள் நாள்தோறும் காணும் ஓர் ஆறு இருக்கிறது. விஹார், போவாய் ஏரிகளின் மிகைநீரைப் பெற்று, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியின் ஓரமாக மாஹிம் கழிமுகத்தை அடையும் மித்தியாறுதான் அது. லூணி என்றால் உப்பாறு. மித்தி என்றால் இனிய ஆறு. ஆனால் எத்தனைபேர் அதனை ஆறென்று அழைக்கிறோம்? நாலா என்றுதானே சொல்கிறோம்? இங்கே நீர் வற்றவில்லை. ஆறு என்ற நினைவு வற்றிவிட்டது. விமான நிலையத்துக்காக அது வளைக்கப்பட்டது. அதன் சதுப்பு நிலத்தைத் தூர்த்துப் பாந்த்ரா–குர்லா வணிக வளாகம் எழுந்தது. கரைகளில் கழிவும் குடியிருப்பும் நெருக்கின. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, மித்தி தன் பழைய அகலத்தைத் தேடி வந்தது. அந்த இரவைச் செம்பூரிலும் குர்லாவிலும் தாராவியிலும் கழித்தவர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அதற்குப் பின்னரே, அவ்வாண்டு ஆகஸ்டில், மித்தியாற்றைப் பேணுவதற்கென ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது.

ஊரிலிருந்தும் இதே செய்தி வந்தது. தாராவித் தமிழருள் மிகப் பலருக்குப் பூர்வீகம் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள். சாத்தான்குளம், திருச்செந்தூர் வட்டாரத்தின் செம்மணல் தேரியைப் பாலைவனம் என்றே சொல்வோரும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில், அத்தேரிக் காட்டை அடுத்த காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. மும்பையின் அந்நாள் மழையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய அதே அளவு. தாமிரபரணி கரைபுரண்டது. குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட வண்டி சிறீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் நீர் நடுவே சிக்கிக்கொண்டனர்.

இவ்விடத்தில் நம் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுதல் நலம். அவ்வெள்ளத்திற்குச் சில ஆண்டுகளுக்குமுன், ஓய்வுக் காலத்திற்கென்று ஊரில் மனை ஒன்று வாங்கினோம். மும்பையில் இருந்துகொண்டே, கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்து முடித்த பேரம் அது. மனையின் பின்புறம் ஒரு பள்ளம் தெரிந்தது. விற்றவரைக் கேட்டபோது, "அது பழைய ஓடை, தண்ணீர் வந்து முப்பது வருடம் ஆயிற்று" என்றார். விலையும் மலிவாக இருந்தது. ஊரிலிருந்த பெரியம்மா மட்டும், "ஓடையை முதுகில் வைத்துக்கொண்டு எவனாவது உட்காருவானா?" என்று கடிந்துகொண்டார். நாம் கேட்கவில்லை. அந்த டிசம்பரில் மனையின் எல்லைக்கல்லும் தெரியாமல் நீர் நின்றது. வீடு கட்டப்படாததால் உயிருக்கு இடர் வரவில்லை. அவ்வளவே நாம் பெற்ற நற்பேறு. விற்றவர்மீது குறைகூற நமக்கு வாயில்லை. ஓடை என்று அவர் சொல்லத்தான் செய்தார்; அச்சொல்லின் பொருள்தான் நமக்குத் தெரியவில்லை.

இன்னொரு வகை மறதியும் உண்டு. நீரில்லாத ஆறு கழிவு கொட்டுவதற்கு ஏற்ற குழியென்று கருதுவது அது. பாலி, ஜோத்பூர், பாலோத்ரா நகரங்களின் சாயப்பட்டறைக் கழிவு பாண்டியிலும் ஜோஜரியிலும் லூணியிலும் நெடுங்காலமாக விடப்பட்டு வருகிறது. ஓடும் நீர் இல்லாத ஆற்றில் நஞ்சு அடித்துச் செல்லப்படுவதில்லை; மணலுக்குள் இறங்கி, மறைத்துவைத்த நன்னீரைக் கெடுக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்தவர்க்குப் பாலாற்றின் கதை இதுவேயென்று தெரியும். தோல் பதனிடும் ஆலைகளால் பாலாறு கெட்டமை பற்றி 1996 இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற நெறியை நாடெங்கும் நிலைநாட்டிற்று. வறண்டதென்று எண்ணப்பட்ட அப்பாலாறும் 2021 நவம்பரில் இருகரையும் தொட்டு ஓடியது.

ஆகவே நேயர்களே, லூணிப் பள்ளத்தாக்கு நமக்குக் கற்பிப்பது இது: ஆறு என்பது நீர் மட்டுமன்று, நீர் வரும் வழியும் ஆறே. நீர் ஆண்டுக்குப் பத்து நாள் வரலாம். முப்பது ஆண்டுக்கு ஒருநாளும் வரலாம். வழி என்றும் அதனுடையது. பாலைவனத்து மக்கள் அவ்வழியில் சந்தை கூட்டுகின்றனர், ஆடு மேய்க்கின்றனர், ஊற்றுத் தோண்டுகின்றனர். நீருக்கு முந்தி எழுந்துவிட முடிந்த வேலைகளையே அங்குச் செய்கின்றனர்.

ஊரைவிட்டுத் தொலைவில் வாழ்கின்ற நம்மிற் பலர், உழைத்துச் சேர்த்த பொருளை ஊரில் மனையாகவும் வீடாகவும் ஆக்கிவைக்க விரும்புகிறோம். அடுத்த முறை அவ்வாறு முனையும்போது, விலையையும் பட்டாவையும் கேட்பதோடு நின்றுவிடாமல், கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு எவ்வழியே செல்கிறது, குளத்தின் மறுகால் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பிறகு ஊரிலுள்ள முதியவர் ஒருவரிடம், "இதில் கடைசியாகத் தண்ணீர் வந்தது எப்போது?" என்று வினவுங்கள். எத்தனை ஆண்டுகளுக்கு முன் என்று அவர் சொன்னாலும், வந்தது என்று சொல்லிவிட்டால் அவ்விடம் ஆற்றுக்கு உரியது.

ஜோத்பூரிலிருந்து திரும்பும்போது லூணிப் பாலத்தை இரவில் கடந்தோம். கீழே ஒன்றும் தெரியவில்லை. சக்கரத்தின் ஓசை மட்டும் மாறிற்று. நாமும் ஒரு நாணயத்தை எறிந்தோம்.